அப்பாவின் கழன்ற செருப்பு

போன மாதம் மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தில் அப்பாவின் இடது கால் செருப்பு கழன்று விழுந்திருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை, பத்துப் படி இறங்கின பிறகு பின்னால் வந்தவர் கூப்பிட்டுச் சொல்லித்தான் தெரிந்தது. ஒரு வருஷமாகவே ராத்திரியில் பாதம் எரிகிறது, பஞ்சு மேல் நடப்பது போல இருக்கிறது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். வயசு, மும்பை வெக்கை என்று நாங்கள்தான் தள்ளிவிட்டோம். அது இன்னும் மனதை அறுக்கிறது.

டாக்டர் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் அங்கங்கே அழுத்தி, தெரிகிறதா என்று கேட்டார். பாதி இடத்தில் அப்பா பதிலே சொல்லவில்லை. நியூரோபதி, அதாவது நரம்புகள் பழுதாவது. 18 வருஷச் சர்க்கரை. உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை என்பதால் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது, அப்புறம் மெதுவாக மேலே ஏறி விரல்நுனிகளுக்கும் வரும். குடி, தைராய்டு, புற்றுநோய்க்குத் தரும் சில கீமோ மருந்துகளாலும் வரலாம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருஷம் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையலாம், அப்பாவுக்குக் குறைந்திருந்தது, சைவச் சாப்பாடு வேறு. அதையாவது ஊசி போட்டு ஈடுகட்டலாம்.

எரிச்சலைவிட மரத்துப்போவதுதான் எனக்குப் பயம். வெந்நீர் சுட்டாலும் தெரியாது, புண் வந்தாலும் தெரியாது. இப்போது தினமும் ராத்திரி அவர் பாதத்தை, விரலிடுக்கு உட்பட, நான் பார்க்கிறேன். சர்க்கரை உள்ள அப்பா அம்மா இருந்தால் இன்றைக்கே ஒருமுறை பாதத்தைப் பாருங்கள், ப்ளீஸ்.