காலிமுகத்திடல் கூடார நூலகத்துக்குத் தமிழ் நூல் சேர்த்த கதை

2022 ஏப்ரல் 9 அன்று ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பதவி விலகக் கோரிக் கொழும்புக் காலிமுகத்திடலில் தொடங்கிய போராட்டம் 'கோட்டா கோ கம' என்னும் கூடாரக் கிராமமாக வளர்ந்தபோது, அதற்குள் ஒரு நூலகமும் எழுந்தது. நான் முதலில் போன மாலையில் அங்கே கண்ணில் பட்ட தமிழ் நூல்கள் ஒரு கைக்குள் அடங்குவனவாக இருந்தன. வெள்ளவத்தையில் இத்தனை தமிழ் வீடுகள் இருந்தும் இப்படியா என்று வெட்கமாக இருந்ததால், சேர்க்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

அச்சுத்தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே மார்ச்சில் ஒத்திவைக்கப்பட்டிருந்த நேரம் அது. புதிதாக வாங்குவதற்கு வழியில்லை, வீடுவீடாகத்தான் கேட்க வேண்டும். ஆனால் உண்மையான தடை காகிதம் அன்று. "2009இல் எங்களுக்காக இவர்கள் எங்கே கூடினார்கள்?" என்று, போரின் இறுதியில் தமிழர் கொல்லப்பட்டதை நினைத்துப் பலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியைத் தவறென்று நான் இன்றும் எண்ணவில்லை; அதனால் வாதாடாமல் அடுத்த படியேறினேன்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் அங்கத்தவராக இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 1981இல் சுமார் 97,000 நூல்களோடு அது எரிந்ததைக் கண்டவர், "உதுகளைக் கொண்டுபோய் வெட்டவெளியிலையா வைக்கப் போறாய், தம்பி?" என்று கதவைச் சாத்தினார். ஒரு கிழமை கழித்து அவரே அழைத்துப் பதினொரு நூல்களைத் தந்தார். ஒவ்வொன்றிலும் அவரது பெயர் எழுதியிருந்த முதல் தாள் பிளேடால் நறுக்கி எடுக்கப்பட்டிருந்தது.

உப்புக் காற்றுக்குப் பயந்து எல்லாவற்றுக்கும் பொலித்தீன் உறை போட்டேன். மும்மொழியிலும் அடையாள அட்டை எழுதப் போய், சிறுவர் நூல்களுக்கான சிங்களச் சொல்லில் ளகரம் வர வேண்டிய இடத்தில் லகரத்தை எழுதிவிட்டேன். சிங்களப் பேச்சில் இரண்டும் ஒரே ஒலிதான், எழுத்தில்தான் வேறு. பள்ளிச் சிறுமி ஒருத்தி சிரித்துக்கொண்டே திருத்தினாள். தமிழ்ப் பலகைகளில் பிழை பிடித்தே வளர்ந்த எனக்கு அது தேவைதான்.

மே 9 அன்று அரச ஆதரவாளர்கள் கூடாரங்களை உடைத்து எரித்தபோது, உறை போடுவதற்காகக் கொண்டுவந்திருந்த கடைசிப் பெட்டி என் கட்டிலுக்கடியில் இருந்தது. இரவே ஆசிரியர் அழைத்தார். அவரது நூல்கள் அந்தப் பெட்டியில்தான் இருக்கின்றன என்றதும் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, பிறகு கொண்டுபோ" என்றார்.

மே 18 அன்று, முள்ளிவாய்க்காலில் இறந்தோரை நினைந்து அதே திடலில் கஞ்சி வழங்கிய நாளில், பெட்டியைக் கொண்டுபோனேன். மறுத்தவர்களில் ஒருவர் மட்டும் அதன் பிறகு நூல் தந்தார், மற்றவர்கள் தரவில்லை.

நான் சேர்த்தவற்றுள் அதிகம் இரவல் போனது ஒரு நாவலோ கவிதைத் தொகுதியோ அன்று, சிங்களம் வழியாகத் தமிழ் எழுத்துக் கற்பிக்கும் மெல்லிய அரிச்சுவடி. மூன்றாம் முறை போனது திரும்பவில்லை. வெள்ளவத்தைக் கடையொன்றில் கிடந்த கடைசிப் பிரதியை, பழைய விலையைப் போல இரு மடங்கு கொடுத்து வாங்கி வைத்தேன்.