பிரவுனிக்குக் கருத்தடை: அம்மாவைச் சம்மதிக்க வைத்த கதை

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்களுடையது வரிசை வீடு. பிரவுனி சாதாரண கம்பத்து நாய். அவள் பருவத்துக்கு வந்த மூன்று வாரமும் கேட்டுக்கு வெளியே ஆண் நாய்க் கூட்டம் கலையவே இல்லை. ராத்திரி முழுக்க ஊளை, சண்டை. காலையில் பார்த்தால் அக்கம்பக்கத்துக் கார் டயர்களில் எல்லாம் மூத்திரம். கருத்தடை செய்துவிடலாம் என்றேன். அம்மா விடவில்லை.

"பொம்பளப் புள்ள. ஒரு தடவையாவது குட்டி போடட்டும். பாவத்தச் சேக்காத."

ஐந்தாறு குட்டி போட்டால் யாரிடம் கொடுப்பது? சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். கோயில் பக்கமும் மார்க்கெட் பின்னாலும் பெட்டியில் வைத்து விடப்படும் குட்டிகளை நம் ஊரில் பார்க்காதவர் உண்டா? 2015-இல் பினாங்கில் வெறிநாய் நோய் வந்தபோது தெருநாய்களைக் கொல்லச் சொல்லி மாநில அரசே உத்தரவு போட்டது அம்மாவுக்கும் நினைவிருக்கிறது. அப்படியும் மனம் இறங்கவில்லை.

இதற்கிடையில் பிரவுனி வேறு அம்மாவின் கட்சிக்குப் போய்விட்டாள். பருவம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். அப்பாவின் செருப்பைக் கவ்விக்கொண்டு போய்க் கட்டிலுக்கடியில் வைத்து நக்கிக்கொண்டே கிடந்தாள். கிட்டே போனால் உறுமல். மடியில் பால்கூடக் கட்டியது. சினையே இல்லை! "பாத்தியா, பிள்ளைக்கு ஏங்குது" என்று அம்மா கண் கலங்கிவிட்டார்.

டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் சீனப் பெண்மணி. அம்மாவுக்காக மலாயில் நிதானமாக விளக்கினார். சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பருவத்துக்குப் பிறகு நாய் உடம்பில் ஏறக்குறைய ஒரே ஹார்மோன் மாற்றம்தான் நடக்கும். அதனால் வருவது பொய்ச் சினை. சில வாரத்தில் தானாக அடங்கும். குட்டி போட்டால்தான் பெண் நாய்க்கு நல்லது என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

அப்புறம் சொன்னதுதான் அம்மாவை அசைத்தது. ஒவ்வொரு பருவத்துக்குப் பிறகும் கருப்பையின் உட்சுவர் தடிக்கிறது. வயது ஏற ஏற அதில் கிருமி புகுந்து சீழ் பிடிக்கலாம். பயோமெட்ரா என்கிறார்கள். நாய் சாப்பிடாது, வாந்தி எடுக்கும், தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருக்கும். கருப்பை வாய் மூடியிருந்தால் சீழ் வெளியே தெரியவும் தெரியாது. அப்போதும் பெரும்பாலும் கருப்பையை எடுக்கும் இதே கருத்தடை ஆப்பரேஷன்தான் செய்யவேண்டும், ஆனால் சாகக் கிடக்கும் நாய்க்கு, அவசரமாக.

"எங்கக்கா வீட்டு நாய் வாளி வாளியாத் தண்ணி குடிச்சுச் செத்துச்சு" என்றார் அம்மா. சிறுநீரகக் கோளாறாகவும் இருந்திருக்கலாம், பார்க்காமல் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. எப்போது செய்யலாம் என்று கேட்டார்.

மார்பகக் கட்டியைத் தடுப்பதிலும் கருத்தடைக்குப் பலன் உண்டு. முதல் பருவத்துக்கு முன்னே செய்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். பருவங்கள் தாண்டத் தாண்ட அந்தப் பலனும் தேய்ந்துவிடும்.

உடனே செய்துவிடவில்லை. பால் வற்றும்வரை காத்திருந்தோம். அடுத்து ரத்தப் பரிசோதனை. நம் ஊர் உண்ணிகள் பரப்பும் காய்ச்சல் ரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும், நாய் வெளியே நன்றாகத்தான் தெரியும். அந்த நிலையில் கத்தி வைத்தால் ரத்தம் உறையாமல் போகலாம். பிரவுனிக்கும் தட்டணு குறைவாகவே இருந்தது. நான்கு வாரம் டாக்சிசைக்ளின் மாத்திரை, மறுபடி பரிசோதனை, அப்புறம்தான் தேதி. செலவை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் வேறு எதில் வேண்டுமானாலும் பிடியுங்கள், இந்தப் பரிசோதனையில் வேண்டாம்.

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் ராத்திரிக்குப் பிறகு சாப்பாடு கிடையாது. காலையில் விட்டோம், சாயங்காலம் தள்ளாடிக்கொண்டே வந்தாள். சூல்பை, கருப்பை இரண்டையும் எடுத்துவிட்டார்கள்.

உண்மையான பாடு வீட்டில்தான். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் புனலோடு கதவு, நாற்காலி, எங்கள் முழங்கால் என்று எல்லாவற்றிலும் மோதினாள். கடைசியில் அக்கா மகனின் பழைய டீசட்டையை மாட்டி, வால் பக்கம் முடிச்சுப் போட்டுவிட்டோம். ஆள் பார்க்கும்போது சட்டை, தூங்கும்போது புனல். தையல் பிரிக்கும்வரை இரண்டு வாரம் குதிக்க விடக்கூடாது, குளிப்பாட்டக்கூடாது. வலிக்கு டாக்டர் தந்த மருந்து மட்டும்தான். வீட்டில் இருக்கும் பெனடால் (பாராசிட்டமால்) மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு விஷமாகலாம்.

இப்போது எங்கள் தலைவலி எடை. கருத்தடைக்குப் பிறகு உடம்புக்குத் தேவையான தீனி குறைகிறது, பசியோ கூடுகிறது. நான் அளந்து போடுகிறேன். அம்மா மேசைக்கடியில் ரொட்டி சானாய் பிய்த்துப் போடுகிறார். வயதான பிறகு சில பெண் நாய்களுக்குத் தூக்கத்தில் மூத்திரம் கசியும் என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்கு மருந்து இருக்கிறது.

எதிர் வீட்டு ஆன்ட்டி தன் ஆண் ராட்வைலர் குட்டிக்குச் செய்யலாமா என்று கேட்டார். ஆண் நாய்க்கு இது இன்னும் எளிது. விதைப்பைப் புற்றுநோய் பயம் போகும், ஊர் சுற்றுவது குறையும். ஆனால் குரைப்பது நிற்கும் என்று எண்ணிச் செய்யாதீர்கள் என்றேன். பெரிய சாதி நாய்க்கு மூட்டும் எலும்பும் வளர்ந்து முடிய வேண்டும், எந்த வயதில் என்பதை டாக்டரிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன்.