ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம்

நாளுக்குப் பத்துச் சொற்கள் வீதம் ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்யும் வழக்கத்தை நான் கைவிட்டு நெடுநாளாகிறது. நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் சொல்லும் வலப்பக்கம் பொருளுமாக நிரப்பிய நோட்டில், ஒரு மாதம் கழித்து நினைவில் நின்றவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. இப்போது ஒரு சொல்லுக்கு ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கி, அது எப்படிப் பிறந்தது என்பதை எழுதிவைக்கிறேன்.

முதல் பக்கம் 'பெட்ரிக்கோர்'. காய்ந்த மண்ணில் மழை விழும்போது எழும் வாசனையை இன்று ஆங்கிலத்தில் இப்படித்தான் அழைக்கிறார்கள். 1964-இல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரைக்காக ஆக்கிய சொல் இது. கிரேக்க மொழியில் 'பெட்ரா' என்றால் பாறை. 'இக்கோர்' என்பது தேவர்களின் உடலில் இரத்தத்துக்குப் பதிலாக ஓடுவதாகப் புராணங்கள் சொல்லும் திரவம். வறண்ட காலத்தில் பாறையும் களிமண்ணும் உள்வாங்கி வைத்திருந்த மஞ்சள் நிற எண்ணெயை நீராவியால் வடித்தெடுத்து, அதன் வாசனைக்கு அவர்கள் இப்பெயரைச் சூட்டினார்கள்.  உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில், சுட்ட மண்ணை நீரோடு கொதிக்கவைத்து, அதே வாசனையைச் சந்தன எண்ணெயில் பிடித்துவைக்கும் அத்தர்க்காரர்கள் இந்தக் கட்டுரைக்கு முன்பே இருந்தார்கள். நம்மிடம் 'மண்வாசனை' இருக்கிறதே என்று கேட்கலாம். ஆனால் ஒரு கதையில் மண்வாசனை வீசுகிறது என்றால் நாம் மழையை நினைப்பதில்லை, வட்டார வழக்கைத்தான் நினைக்கிறோம்.

அடுத்தது 'செரண்டிபிட்டி'. பேருந்து உடனே கிடைத்ததற்கு ஒரு மின்னஞ்சலில் இச்சொல்லைப் போட்டு, அதை அனுப்பிய பிறகே அதன் பிறப்பைத் தேடிப் படித்தேன். 1754 ஜனவரி 28 அன்று ஹோரஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இச்சொல்லை உருவாக்கினார். செரண்டிப் என்பது இலங்கையின் பழம்பெயர்களுள் ஒன்று. அந்நாட்டு இளவரசர் மூவர், வழியில் ஒரு பக்கத்துப் புல் மட்டும் மேயப்பட்டிருப்பதைக் கண்டு, முன்னே சென்ற விலங்குக்கு ஒரு கண் குருடு என்று ஊகிக்கும் கதை அவர் மனத்தில் இருந்தது. நாம் சிறுவயதில் கேட்ட காணாமற்போன ஒட்டகத்தின் கதையேதான். தேடாத ஒன்று தற்செயலாகக் கண்ணில் படுவதோடு, அதை இன்னதென்று அறியும் கூர்மையும் சேர வேண்டும் என்றே வால்போல் எழுதினார். என் பேருந்துக்கு அதிர்ஷ்டம் என்ற சொல்லே போதுமாயிருந்தது.

மூன்றாவது பக்கம் 'டிஃபெனஸ்ட்ரேஷன்', அதாவது ஒருவரைச் சன்னல் வழியே வெளியே எறிதல். இலத்தீனில் 'ஃபெனஸ்ட்ரா' என்றால் சன்னல். 1618 மே 23 அன்று இன்றைய செக் நாட்டின் பிராக் கோட்டையில் கத்தோலிக்கப் பேரரசரின் ஆளுநர் இருவரும் செயலாளர் ஒருவரும் அப்படி எறியப்பட்டு, மூவருமே பிழைத்தார்கள். தேவதூதர்கள் தாங்கினார்கள் என்றனர் கத்தோலிக்கர். எருக்குவியல் தாங்கியது என்றனர் எதிர்த்தரப்பான புராட்டஸ்டன்டுகள். எனக்கு மிகவும் பிடித்த சொல் இதுதான் என்றாலும், பயன்படுத்த வாய்ப்பில்லை. எங்கள் அலுவலகம் தரைத்தளத்தில் இருக்கிறது.