எந்த சேனல் ஓடிட்டு இருந்துச்சு?

எங்கள் நியூஸ் சேனலின் தூத்துக்குடி ஸ்ட்ரிங்கர் (பகுதிநேர நிருபர்) போனில் சொல்லி முடிப்பதற்குள் நான் கேட்ட கேள்வி இது. "எந்த சேனல் ஓடிட்டு இருந்துச்சுண்ணே?"

குழந்தைக்கு என்ன வயது, ஆணா பெண்ணா, எந்த ஆஸ்பத்திரி என்று எதையும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அதைக் கேக்கல சார். கேக்கணுமா?" என்றார். "வேண்டாம்ணே, வேண்டாம்" என்று அவசரமாகச் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். அந்த மௌனத்தில் அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

2019 அக்டோபர் 28, திங்கள்கிழமை இரவு. திருச்சி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டி ஆழ்துளைக் கிணற்று மீட்புப் பணிக்கு அது நான்காவது இரவு. அந்த நாட்களைப் பற்றி யாருக்கும் புதிதாக நான் விளக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை மாலை விழுந்த குழந்தைக்காகத் தமிழ்நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தீபாவளி. எங்கள் தெருவில் பல வீடுகளில் பட்டாசுக் கட்டைப் பிரிக்கவே இல்லை என்று அம்மா சொன்னார். ஒவ்வொரு முறை அழைத்தபோதும் அவர் முதலில் கேட்டது, "பிள்ளை வெளிய வந்துருச்சாடா?"

தூத்துக்குடியிலும் ஒரு வீட்டில் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கணவன், மனைவி இருவருமே மீட்புப் பணி நேரலையில் கண்ணாக இருந்த நேரத்தில், இரண்டு வயது மகள் குளியலறைப் பக்கம் போய், தண்ணீர் வைத்திருந்த தொட்டியில் விழுந்துவிட்டாள். தேடிப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஸ்ட்ரிங்கர் அனுப்பிய செய்தியில் நேரலை பற்றிய விவரம் முதல் வரியிலேயே இருந்தது. திரையின் அடியில் ஓடும் ஸ்க்ரோலில் நான் போட்டது இப்படி: 'தூத்துக்குடி: தண்ணீர்த் தொட்டியில் விழுந்து 2 வயதுக் குழந்தை உயிரிழப்பு'. டிவி என்ற சொல் இல்லை. நேரலை என்ற சொல் இல்லை. பக்கத்தில் இருந்த உதவி ஆசிரியர், புதிதாகச் சேர்ந்த பையன், மூலச் செய்தியையும் என் வரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், டிவி பாத்துட்டு இருந்தாங்கங்கிறதுதானே இதுல நியூஸ்?" என்று கேட்டான். "பெத்தவங்கள குத்திக் காட்டுற மாதிரி இருக்கும் தம்பி, விடு" என்றேன். அவனும் விட்டுவிட்டான்.

நான் சொன்னது பொய் இல்லை. அந்த விவரம் போனால் ஊர் அந்தப் பெற்றோரைத்தான் தின்னும் என்று எனக்குத் தெரியும். 'பிள்ளையைப் பார்க்காமல் டிவி பார்த்தார்கள்' என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசுவார்கள். தன் பிள்ளை வயதுடைய ஒரு பிள்ளைக்காகப் பதறிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அலட்சியம் என்ற சொல் அவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. அப்படி ஒரு பழி வர என் கை காரணமாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். இது உண்மைதான்.

ஆனால் வரிசையைப் பார்க்கிறபோது எனக்கே உறுத்துகிறது. பெற்றோர் மேல் இரக்கம் எனக்கு வந்தது இரண்டாவதாக. முதலில் வந்தது சேனல் கேள்வி. எங்கள் சேனலாக இருந்துவிடுமோ என்ற பயத்தில் கேட்டேனா? அல்லது, சொல்லவே கூசுகிறது, எங்கள் சேனலாக இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று கேட்டதா? மூன்று நாட்களாக அலுவலகத்தில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தானே. 'உங்க வீட்ல எதைப் பாக்குறாங்க? எதிர்வீட்ல?' டீக்கடைக்குப் போனாலும் அங்கே ஓடும் டிவியில் யாருடைய லோகோ இருக்கிறது என்றுதான் கண் போகும். யார் எந்த சேனல் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் பார்க் நிறுவனம் நாடு முழுக்க மீட்டர் வைத்திருந்தது 40,000 சொச்சம் வீடுகளில். அதை வைத்துத்தான் அப்போது வியாழக்கிழமை தோறும் எங்கள் தலையெழுத்து வரும். அந்தக் கணக்கில் பழகிய வாய், ஒரு சாவுச் செய்தியிலும் அதையே கேட்டுவிட்டது.

இதையெல்லாம் எழுதும்போது பயத்தில்தான் கேட்டேன் என்று தோன்றுகிறது. ராத்திரி விழிப்பு வந்தால் அப்படித் தோன்றுவதில்லை.

அந்த நாலு நாளும் நாங்கள் காட்டியது என்ன? பெரும்பாலான நேரம் ஒன்றும் நடக்கவில்லை என்பதைத்தான். முதல் இரவு, கிணற்றுக்குள் இறக்கிய கேமராவில் குழந்தையின் கைகள் தெரிந்தன. தலைக்கு மேல் தூக்கியபடி, மண் படிந்த இரண்டு சின்னக் கைகள். கறுப்பு வெள்ளையில் புகைமூட்டமாக இருந்த அந்தக் காட்சியைத் திரையின் ஒரு பாதியில் ஓடவிட்டு, மறுபாதியில் நிருபரைப் பேசவிட்டோம். சில நொடிக் காட்சி. முடிந்ததும் தானாக முதலிலிருந்து ஓடும்படி லூப்பில் போட்டுவைத்திருந்தோம். எத்தனை முறை ஓடியது என்று யாரும் எண்ணவில்லை. குழந்தை இன்னும் ஆழத்துக்குச் சரிந்துபோன பிறகும் அந்தக் கை எங்கள் திரையில் அசைந்துகொண்டேதான் இருந்தது. இப்போது டிவியைப் போடுகிற ஒருவருக்கு அது பழைய காட்சி என்று எப்படித் தெரியும்? மூலையில் 'பதிவு செய்யப்பட்ட காட்சி' என்று சின்னதாகப் போட்டிருந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். மேலே பெரிதாக 'நேரலை' என்றும் போட்டிருந்தோம்.

இப்படி ஒரு காட்சியை வைத்திருந்தால் மனிதர்கள் எப்படி எழுந்து போவார்கள்? நாடகத்துக்கு இடைவேளை உண்டு, கிரிக்கெட்டுக்கு ஓவர் உண்டு. பாறை உடைகிற நேரலைக்கு அது இல்லை. ரிக் எந்திரம் ஒரு அடி இறங்க மணிக்கணக்கில் ஆகிறபோது, 'இன்னும் சற்று நேரத்தில்' என்ற மூன்று சொல்லை வைத்தே நாங்கள் நேரத்தை ஓட்டினோம். ரன்டவுனில், அதாவது செய்தி வரிசைப் பட்டியலில், நானே எத்தனையோ முறை தட்டச்சு செய்த சொற்கள். அது வெறும் நிரப்பு என்று எங்களுக்குத் தெரியும். வீட்டில் இருப்பவருக்கு அது சத்தியவாக்கு. இப்போது எழுந்து போனால், மீட்கிற அந்த ஒரு கணம் தவறிவிடும்.

இது எங்கள் கண்டுபிடிப்பும் இல்லை. 1949 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் கிணற்றுக் குழாயில் விழுந்த மூன்று வயதுச் சிறுமிக்காக, லாஸ் ஏஞ்சல்ஸ் கேடிஎல்ஏ தொலைக்காட்சி 27 மணி நேரம் தொடர்ந்து ஒளிபரப்பியது. டிவி இருந்த வீடுகளில் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். அந்தக் குழந்தையும் உயிரோடு வரவில்லை. நம் நாட்டில் 2006 ஜூலையில் ஹரியானாவின் குருக்ஷேத்திரப் பக்கம் ஐந்து வயதுச் சிறுவன் விழுந்தபோது இந்தி சேனல்கள் ஏறக்குறைய 50 மணி நேரம் அங்கேயே நின்றன. அவன் உயிரோடு வந்தான். நாடே கைதட்டியது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் சீனியர்கள் அதை ஒரு வெற்றிக் கதையாகத்தான் சொல்வார்கள். நடுக்காட்டுப்பட்டியில் நேரலை அனுப்பும் ஓபி வேனை நிறுத்தியபோது எங்கள் மனதில் இருந்தது அந்த முடிவுதான். அப்படி ஒரு கைதட்டலுக்காகத்தான் காத்திருந்தோம்.

அந்த நேரலை தப்பு என்று சொல்ல என்னால் இன்றும் முடியவில்லை. மூடாமல் விட்ட ஆழ்துளைக் கிணறுகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே விதிமுறை கொடுத்தது. ஒன்பது வருஷம் அது காகிதத்தில் கிடந்தது. அந்த அக்டோபருக்குப் பிறகுதான் மாவட்டம் மாவட்டமாகக் கணக்கெடுத்து மூடினார்கள். ஊர்க்காரர்களே போன் செய்து எங்கள் பக்கம் ஒரு குழி திறந்து கிடக்கிறது என்று சொன்னார்கள். நாலு நாள் ஜனங்கள் கண் கொட்டாமல் பார்த்ததால்தான் அது நடந்தது. எத்தனை பிள்ளைகள் அதனால் பிழைத்தன என்று யாரால் கணக்குச் சொல்ல முடியும்? இந்த நியாயத்தை நான் நம்புகிறேன். நம்பிக்கொண்டே, தூத்துக்குடிக் குழந்தையை இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் நிற்கிறேன்.

நான் அந்த விவரத்தை ஸ்க்ரோலில் விட்டிருந்தால்? அன்று ராத்திரி லட்சக்கணக்கான வீடுகளில் விழித்திருந்தார்கள். 'நேரலை பார்த்துக்கொண்டிருந்தபோது' என்ற இரண்டு சொல்லைப் படித்து ஒரு தாயாவது திரும்பித் தன் பிள்ளை எங்கே என்று பார்த்திருக்க மாட்டாளா? இப்படி யோசித்தால், பெற்றோரைக் காப்பாற்றுகிறேன் என்று நான் வெட்டியது, பார்ப்பவர்களை டிவியை விட்டு எழவைத்திருக்கக்கூடிய ஒரே வரி. மறுநாள் பத்திரிகைகளில் முழு விவரத்தோடு அந்தச் செய்தி வந்துவிட்டது. வடநாட்டுப் பத்திரிகைகள்கூடப் போட்டன. நான் யாரையும் காப்பாற்றவும் இல்லை.

29-ஆம் தேதி விடிவதற்குள் நடுக்காட்டுப்பட்டிக் குழந்தையின் உடலை எடுத்தார்கள். டெஸ்கில் யாரும் பேசவில்லை. நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அங்கே ஒரு வாளியில் தண்ணீர் நிரம்பி இருந்தது. அதைக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

2024 ஏப்ரலில் கர்நாடகாவின் விஜயபுரா மாவட்டத்தில், லச்யாண் என்ற ஊரில் இரண்டு வயதுப் பையன் ஒருவன் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். அன்றும் ஷிஃப்டில் நான்தான். நேரலை எடுக்கலாமா என்று பிசிஆரிலிருந்து (ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அறை) கேட்டார்கள். ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் "எடுங்க" என்றேன். சுமார் 20 மணி நேரத்துக்குப் பிறகு அவன் உயிரோடு வந்தான். அந்தப் பிஞ்சுக் கால்களைப் பார்த்ததும் டெஸ்கே எழுந்து கைதட்டியது, நானும்தான்.

அதற்கு முன்னால், இன்னும் தோண்டிக்கொண்டிருந்த நேரத்தில், வீட்டுக்குப் போன் செய்தேன். எங்கள் சின்னவனுக்கும் அப்போது இரண்டு வயது.

"தம்பி எங்க இருக்கான்?"

"இங்க என் மடியிலதான் இருக்கான். ஏங்க?"

"பாத்ரூம் கதவு சாத்தியிருக்கா பாரு."

எழுந்து போகிற சத்தம் கேட்டது. பின்னாலேயே எங்கள் ஆங்கரின் குரலும் கேட்டது. நான் எதையும் கேட்கவில்லை. திரும்பி வந்து அவளாகவே சொன்னாள்: "சாத்தித்தான் இருக்கு. உங்க சேனல்தாங்க பாத்துட்டு இருக்கோம்."