கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் அம்மா: ஓர் உளவியலாளரின் நாட்குறிப்பு

சிகிச்சைக்கு வந்தவர் இந்தக் குறிப்புகளைப் படித்துப் பார்த்து இசைவு தந்த பிறகே வெளியிடுகிறேன். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ள முடியாதபடி வயது, தொழில், குடும்ப விவரங்கள் ஆகியவற்றை மாற்றியிருக்கிறேன்.

ஜூன் 5, 2023, திங்கள். திருநெல்வேலி.

ஓயாமல் கை கழுவிக்கொண்டும் குளித்துக்கொண்டும் இருக்கும், முப்பது வயதை நெருங்கும் ஒருவரை அவருடைய அம்மா அழைத்து வந்திருந்தார். "டாக்டரம்மா, ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க, இந்தத் தண்ணிச் சனியன் இவனை விட்டாப் போதும்" என்பதுதான் அந்த அம்மாவின் முதல் வார்த்தை. மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர் என்பதையும், இரண்டாண்டு எம்.பில். பயிற்சி முடித்து இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்கும் மருத்துவ உளவியலாளரான என்னுடைய வேலை வேறு என்பதையும் விளக்கினேன். மகனின் விரல் இடுக்குகளில் தோல் வெடித்து, சோப்பு பட்ட இடமெல்லாம் வெளுத்திருந்தது. அம்மாவை வெளியே அமரச் சொன்ன பிறகுதான் அவர் பேசினார்: தன் கையில் ஒட்டியிருக்கும் ஏதோ ஒன்று அம்மாவைத் தொற்றி, அம்மா இறந்துவிடுவார், அதற்குத் தானே காரணமாகிவிடுவோம் என்ற எண்ணம் நாள் முழுவதும் வருகிறது.

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ள என்ன சொன்னான்?" என்று கேட்டார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவருக்குத் தன் ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. பெற்ற தாயிடம் சட்டத்தை எப்படிச் சொல்வது? "அவர் சொன்னதை அவரே உங்களிடம் சொல்லும் நாள் வரும், அதற்குத்தான் வேலை செய்கிறோம்" என்றேன். அவருக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஜூன் 14, புதன்.

மனநல மருத்துவர் மருந்து தொடங்கிவிட்டார். ஓ.சி.டி.க்கு, அதாவது வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் இந்த நோய்க்கு, மருந்தின் முழுப் பலன் தெரியப் பத்துப் பன்னிரண்டு வாரங்கள்கூட ஆகலாம் என்பதால், இரண்டாவது வாரத்திலேயே நிறுத்திவிட வேண்டாம் என்று வலியுறுத்தினேன். இந்த நோயின் தீவிரத்தை அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோலின் பத்துக் கேள்விகளில், நாற்பதுக்கு 29 மதிப்பெண் வந்தது, கடுமையான நிலை.

"எங்க ஆச்சியும் மடி பார்ப்பாங்க, அதுவும் நோயா?" என்று அவர் கேட்டது நல்ல கேள்வி. ஆச்சி துஷ்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, போய் வந்தால் ஒரு முறை குளிப்பார். குளித்ததும் தீட்டுப் போய்விடும். ஈரச் சேலையை உலர்த்திவிட்டுச் சமையலைப் பார்ப்பார். இவருக்கோ ஏழாவது முறை குளித்த பிறகும் அது போவதில்லை. ஆசாரத்துக்கு முடிவு என்ற ஒன்று உண்டு, இந்த நோய்க்கு அது கிடையாது என்று நான் சொன்னபோது, அவர் நெடுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இவரது நம்பிக்கையின் மீது கை வைக்க எனக்கு உரிமையில்லை. அவருடைய தெருவில் எல்லோரும் எத்தனை முறை குளிக்கிறார்களோ அத்தனை முறை குளிப்பதே எங்கள் இலக்கு என்று முடிவு செய்தோம்.

ஜூலை 5, புதன்.

லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் 1966இல் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்று நாங்கள் செய்யும் சிகிச்சை வளர்ந்தது. அஞ்சுவதைத் தொட வேண்டும், தொட்ட பின் கழுவாமல் இருக்க வேண்டும். பதற்றம் ஏறி, உச்சிக்குப் போய், தானே தணியும் என்பதை உடல் கற்றுக்கொள்ளும். மேயர் செவிலியரை உடன் வைத்துக் கழுவுவதைத் தடுத்தார். அறைக் குழாயில் தண்ணீரையே அடைத்தார். இன்று நாங்கள் யாரையும் அப்படித் தடுப்பதில்லை. ஒவ்வொரு படிக்கும் அவருடைய சம்மதம் வேண்டும்.

பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஒரு பய ஏணி எழுதினோம். கதவுக் கைப்பிடி 30, பேருந்துக் கம்பி 50, கழுவாத கையால் அம்மாவுக்குக் காபி ஆற்றிக் கொடுப்பது 85, துஷ்டி வீட்டுக்குப் போய்வந்து ஒரே முறை குளிப்பது 100. கைப்பிடியை இருவரும் சேர்ந்தே தொட்டோம். நாற்பது நிமிடத்தில் அவருடைய பதற்றம் 30இலிருந்து 10க்கு இறங்கியது.

இன்று நான் ஒரு தவறு செய்தேன். அவர் கிளம்பிக்கொண்டிருந்தபோது அம்மாவைத் தனியே அழைத்து, "கை சுத்தமாயிட்டுல்லா?" என்று மகன் கேட்டால் இனிப் பதில் சொல்ல வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். அந்தக் கேள்விக்கு அவர் ஒரு நாளில் ஐம்பது முறையாவது "ஆயிட்டுப்பா" என்று சொல்கிறார். ஒவ்வொரு பதிலும் சோப்பைப் போலவே நோய்க்குத் தீனியாகிறது. சொன்னது சரிதான், ஆனால் மகனுக்குத் தெரியாமல் சொன்னது சரியில்லை.

ஜூலை 12, புதன்.

அவர் வரவில்லை. அம்மா தொலைபேசியில் அழுதார். "நான் வாயே திறக்கலை, அவன் ராத்திரி பூரா குளிமுறிக்குள்ளயே இருந்துட்டான்."

ஜூலை 14, வெள்ளி.

என் பணியை மேற்பார்வை செய்யும் மூத்தவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அம்மாவைச் சிகிச்சையில் சேர்த்தாயா, அல்லது மகனுக்கு எதிராக ஏவினாயா?" மேலை நாட்டு நூல்களில் சிகிச்சை அறை இரண்டு நாற்காலிகளால் ஆனது. இங்கே மூன்றாவது நாற்காலி எப்போதும் கதவுக்கு வெளியே கிடக்கிறது. அதை இல்லாததுபோல் பாவிப்பதும் தவறு, யாரையும் கேட்காமல் உள்ளே இழுத்துப் போடுவதும் தவறு.

ஜூலை 19, புதன்.

அவர் வந்தார். நான் செய்தது பிழை என்று முதலில் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். அம்மாவை உள்ளே அழைக்கலாமா என்று கேட்டதற்கு, சற்று யோசித்துச் சம்மதித்தார். பிறகு, நான் எதிர்பார்க்கவில்லை, தன் பயம் என்ன என்பதை அவரே அம்மாவிடம் சொன்னார். "எனக்காகவா இம்புட்டு நாளும் கழுவுன?" என்ற அந்த அம்மாவின் குரல் இதை எழுதும்போதும் காதில் இருக்கிறது. மகன் அந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வது என்று மூவரும் சேர்ந்து முடிவெடுத்தோம், சொற்களைத் தேர்ந்தவர் மகன்தான்: "அதுக்குப் பதில் சொல்ல மாட்டேன்னு பேசி வச்சிருக்கோம்லா, நான் உன் பக்கத்துலயே இருக்கேன்."

ஆகஸ்ட் 6, ஞாயிறு.

2001இல் இதே நாளில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு காப்பகத்தில் மூண்ட தீயில் 28 பேர் இறந்தார்கள். கட்டிப்போடப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பி ஓட முடியவில்லை. அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்களைக் குற்றம் சொல்வது எளிது. வேறு எங்கே போகலாம் என்று அந்தக் குடும்பங்களில் பலருக்கு யாரும் சொன்னதில்லை என்பதையும் நினைக்க வேண்டும். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் உறவினர்களைக் கூடாரங்களில் உடன் தங்கவைத்தார். வேலூர் பாகாயத்தில் உள்ள மனநல மையத்திலும் குடும்பத்தார் உடன் தங்குவது பல ஆண்டு வழக்கம். மூன்றாவது நாற்காலிக்கு நம் நாட்டில் ஒரு வரலாறு இருக்கிறது. நான் அதைத் தாமதமாகப் படித்தேன்.

செப்டம்பர் 6, புதன்.

பேருந்துக் கம்பியைப் பிடித்த கையோடு நேரே வீட்டுக்குப் போய், கழுவாமல், அம்மாவுக்குக் காபி ஆற்றிக் கொடுத்திருக்கிறார். அம்மா வாங்கிக் குடித்துவிட்டு, பேசி வைத்தபடி ஒன்றும் சொல்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். பதற்றம் 85இலிருந்து 40க்கு இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனதாம். அதற்குள் இரண்டு முறை குளிமுறி வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறார். அந்தத் திரும்புதல்கள் இரண்டையும் குறிப்பேட்டில் தனியாக எழுதச் சொன்னேன்.

அக்டோபர் 4, புதன்.

அளவுகோலில் 18. கேள்வி இன்னும் நாளுக்கு நான்கைந்து முறை வருகிறது. மேல்தொட்டிக்கு இப்போது மோட்டாரை ஒரு தடவைதான் போடுவதாக அம்மா சொன்னார். ஏணியில் நூறு மிச்சமிருக்கிறது. அடுத்த தெருவில் ஒரு பெரியவர் படுத்த படுக்கையாக இருக்கிறார், துஷ்டி என்று வந்தால் தான் போயாக வேண்டும் என்று அவரே சொல்லி, போய்வந்த பின் குளிமுறிக்குள் எதை எதை எடுத்துச் செல்வது என்று கேட்டார். ஒரு வாளி, ஒரு துண்டு என்று எழுதிக்கொண்டோம்.