நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு

1964 டிசம்பர் புயலுக்கு முன்பு, தாத்தா தனுஷ்கோடியில் கப்பலேறி இலங்கையின் தலைமன்னார் போய் வந்தவர். அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த எனக்கு, நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் பக்கத்துக் காங்கேசன்துறைக்குக் கப்பல் என்றதும் மனம் நிற்கவில்லை. 2023 அக்டோபர் 14-ல் செரியபாணி என்ற கப்பல் புறப்பட்டபோதே போயிருக்க வேண்டியது. மழைக்காலம் என்று சில நாட்களிலேயே நிறுத்திவிட்டார்கள். 2024 ஆகஸ்ட் 16-ல் சிவகங்கை என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. அப்போது அம்மாவின் பாஸ்போர்ட் காலாவதி.

இப்போது பாஸ்போர்ட் வந்துவிட்டது. ஏறத்தாழ 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரக் கடல். "தலை சுத்துமாடா?" என்று அம்மா தினமும் கேட்கிறார். எலுமிச்சை, சுக்கு எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் போய்த் திரும்ப வேண்டும், அதனால் ஆவணி மாதம். யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயில் திருவிழாவும் அதையொட்டித்தான் வரும். ஆனால் கடல் கொந்தளித்தால் பயணம் தள்ளிப்போகும். எனவே திரும்பும் நாளுக்குப் பின் அலுவலகத்தில் இரண்டு நாள் கூடுதலாக விடுப்பு கேட்டிருக்கிறேன்.

இறங்கியதும் முதலில் கீரிமலைப் புனித நீரூற்றுக் கேணி, பக்கத்திலேயே இருக்கிறது. அப்புறம்தான் யாழ்ப்பாணம். தலைமன்னாருக்கும் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறேன். தாத்தா இறங்கிய கரையை அம்மா பார்க்க வேண்டும்.