சூரியனில் மைனஸ் ஒரு புள்ளி

எங்கள் பள்ளி மொட்டை மாடியில் நின்றால் பழனி மலைத்தொடர் தெரியும். அந்த மலைமேல், கொடைக்கானல் ஆய்வகத்தில், 1904 முதல் சூரியனைப் புகைப்படம் எடுத்து வருகிறார்கள். அடிவாரத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் நானோ, "சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறையும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். சூரியன் முகத்தில் தெரியும் கரும்புள்ளிகளைத்தான் அப்படிச் சொல்கிறோம். பிள்ளைகளும் அதை எழுதிக்கொண்டார்கள். ஏன் 11, யார் எண்ணினார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உள்ள வானியல் ஆய்வகம் சூரியப்புள்ளி எண்களைத் தொகுத்து, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. மாதவாரியாக 1749 முதலும், நாள்வாரியாக 1818 முதலும் எண்கள் இருக்கின்றன. இதை வகுப்புக்குக் கொண்டுவர இரண்டு முறை முயன்றேன்.

முதல் முறை 2023-இல். மூன்று இரவுகள் வீட்டில் உட்கார்ந்து தரவைத் துப்புரவாக்கினேன். வேண்டாத நெடுவரிசைகளை நீக்கி, தலைப்புகளைத் தமிழில் போட்டு, அழகான வரைபடமும் வரைந்து திரையில் காட்டினேன். பிள்ளைகள் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், மணி அடித்தது. பாடநூலில் இருந்த ஒரு வரி திரையில் ஒரு கோடாக மாறியிருந்தது, அவ்வளவுதான். கேள்வி கேட்கத் தூண்டும் இடங்களையெல்லாம் நானே வீட்டில் அழித்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது அந்த விடுமுறையில்தான் உறைத்தது.

அதனால் 2024 ஜூலையில் கோப்பைத் தொடாமல், இறக்கியது இறக்கியபடியே பென் டிரைவில் கொண்டுபோனேன். கணினி ஆய்வகத்தில் பத்துக் கணினிகள், வகுப்பில் 38 பேர். ஒரு கணினிக்கு நான்கு பேர் வீதம் உட்கார்ந்தார்கள். இணைய வேகத்தை நம்பி வகுப்பைத் தொடங்கக் கூடாது என்பது பழைய அனுபவம், அதனால்தான் பென் டிரைவ்.

திறந்தவுடனே சிக்கல். எல்லா எண்களும் ஒரே நெடுவரிசையில் ஒட்டிக்கொண்டு, நடுநடுவே அரைப்புள்ளிகளோடு நின்றன. அரைப்புள்ளி வரும் இடத்தில் பிரிக்கும்படி கட்டளை கொடுக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு பாடவேளை முழுவதும் போனது. அந்த நாற்பது நிமிடம் வீணாகவில்லை. முதல் மூன்று நெடுவரிசைகள் ஆண்டு, மாதம், நாள் என்று யாரும் சொல்லாமலே கண்டுகொண்டார்கள். ஐந்தாவதுதான் நாங்கள் தேடிய எண்.

இரண்டாவது வகுப்பில், கடைசி வரிசைக் கணினியில் இருந்த நால்வர் கையைத் தூக்கினார்கள். அவர்களுடைய வரைபடம் 1997 ஜூன் 6-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. மற்றக் கணினிகளில் 2024 ஜூன் வரை, 75,422 வரிகள் இருந்தன. இவர்களிடம் இருந்தது 65,536 வரிகள். அந்த ஒரு கணினியில் மட்டும் பழைய விரிதாள் மென்பொருள் இருந்தது, அதற்குமேல் அதில் இடம் கிடையாது. அந்த எண்ணை 2-ஆல் வகுத்துக்கொண்டே போகச் சொன்னேன். பதினாறு முறை வகுத்து 1-இல் வந்து நின்றபோது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவினோம். அதன் எல்லை 10,48,576 வரிகள். அதையும் வகுத்துப் பார்த்து 2-இன் அடுக்கு 20 என்று சொன்னது அவர்களேதான். அடுக்குக்குறி பாடத்தை இதைவிட நன்றாக நான் நடத்தியதில்லை.

ஆனால் என் மனதில் நிற்பது அதற்கடுத்து நடந்தது. தொடக்க ஆண்டுகளை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், சூரியனில் மைனஸ் ஒரு புள்ளி எப்படி இருக்கும்?" என்றாள்.

கோப்பின் முதல் வரி 1818 ஜனவரி 1. அன்றைய எண் -1. மறுநாளும் -1. ஜனவரி 8 அன்றுதான் 65 என்று ஓர் எண் வருகிறது. விடை எனக்குத் தெரியும், முந்தைய ஆண்டு அந்த -1-களை அழித்தவளே நான்தான். இந்த முறை வாயைத் திறக்கவில்லை. கணினி தவறு செய்துவிட்டது என்றான் ஒருவன். புள்ளிகள் மறைந்துபோனால் மைனஸ் என்றான் இன்னொருவன். கடைசியில் அவளே சொன்னாள்: "அன்றைக்கு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நம் மதிப்பெண் பட்டியலில் ஆப்சென்ட் போடுவதுபோல."

தேர்வுக்கு வராதவனும் பூஜ்ஜியம் வாங்கியவனும் ஒன்றில்லை என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். வராதவர்களைச் சேர்த்துச் சராசரி போட்டால் வகுப்பின் மதிப்பெண் பொய்யாகிவிடும் என்பதும் தெரியும். -1 உள்ள நாட்களை விட்டுவிட்டு ஆண்டுச் சராசரி எடுக்கும் சூத்திரத்தை அதன்பின் பத்து நிமிடத்தில் எழுதிவிட்டார்கள். உண்மையான பூஜ்ஜியங்களும் கோப்பில் இருந்தன. 2019-இல் பெரும்பாலான நாட்கள் பூஜ்ஜியம்தான். பார்த்தார்கள், புள்ளி இல்லை. 1818 புத்தாண்டு அன்று எண் கிடைக்கவில்லை. இந்த வேறுபாட்டை அவர்களே கண்டார்கள்.

11 ஆண்டுக் கணக்கு எளிதாக முடிந்தது. மாதவாரிக் கோப்பில் 1755-இல் ஒரு பள்ளம், 2019-இல் ஒரு பள்ளம், இடையில் 24 சுழற்சிகள். 264-ஐ 24-ஆல் வகுத்தால் 11. ஒன்பது ஆண்டில் முடிந்த சுழற்சியும் உண்டு, பதின்மூன்றரை ஆண்டு நீண்டதும் உண்டு என்பதை விரல் வைத்துக் காட்டினார்கள்.

ஆகஸ்டில் நாங்களே எண்ணத் தொடங்கினோம். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பைனாகுலர் வழியாக யாரும் சூரியனைப் பார்க்கவே கூடாது, ஒரு நொடி போதும் கண் போய்விடும். 10×50 பைனாகுலரைப் பெஞ்சில் கட்டி, ஒரு பக்கத்தை மூடி, மறுபக்கத்திலிருந்து வரும் பிம்பத்தை ஒரு மீட்டர் தள்ளி வைத்த வெள்ளைத் தாளில் விழச் செய்தோம். யாரும் குனிந்து பார்த்துவிடாதபடி நான் பக்கத்திலேயே நின்றேன். தாளில் ஒன்பது சென்டிமீட்டர் அகலத்துக்கு வட்டம் விழும். இரண்டே நிமிடத்தில் பிம்பம் தன் அகலம் முழுவதும் நகர்ந்து வட்டத்தை விட்டுப் போய்விடும். பூமி சுழல்வதைத் தாளின்மேல் பார்க்க முடிகிறது. பென்சில் முனையால் குத்தியதுபோல் கரும்புள்ளிகள். தூசியா புள்ளியா என்று சந்தேகம் வந்தால் தாளை ஆட்டச் சொல்வேன். தாளோடு நகர்ந்தால் தூசி.

எண்ணும் முறை ஸ்விட்சர்லாந்து வானியலாளர் வுல்ஃப் 1848-இல் வகுத்தது. புள்ளிக் கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, தனிப்புள்ளிகளைக் கூட்ட வேண்டும். தனியாக நிற்கும் புள்ளியும் ஒரு கூட்டமாகக் கணக்காகும், ஆகவே ஒரே ஒரு புள்ளி இருந்தாலும் எண் 11. "ஒன்றைப் பார்த்து 11 என்று எழுதுவது நியாயமா?" என்று இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. சிறு கருவியில் தனிப்புள்ளிகள் தப்பிவிடும், கூட்டம் அவ்வளவு எளிதில் தப்பாது, அதனால் கூட்டத்துக்கு எடை அதிகம் என்று விளக்கினேன். பாதிப் பேர்தான் ஏற்றுக்கொண்டார்கள். மீதிப் பேரை வற்புறுத்தவில்லை.

ஒரு நாள் எங்களுக்குக் கிடைத்தது ஆறு கூட்டம், பதினொரு புள்ளி, ஆக 71. அதே நாளுக்குப் பிரஸ்ஸல்ஸ் எண் 200-க்கும் மேல். பிள்ளைகள் சோர்ந்துவிட்டார்கள். வானம் தெளிந்த பதினான்கு நாட்களின் எண்களை அருகருகே எழுதி வகுத்துப் பார்க்கச் சொன்னேன். பெரும்பாலும் மூன்றையொட்டியே வந்தது. ஒவ்வொரு பார்வையாளருக்கும் கருவிக்கும் ஏற்ற ஒரு பெருக்கல் எண்ணை வுல்ஃபும் வைத்திருந்தார் என்று அப்போதுதான் சொன்னேன். தங்கள் எண் மூன்று என்று கரும்பலகையின் மூலையில் எழுதி, அழிக்கக் கூடாது என்று பக்கத்தில் கட்டமும் போட்டார்கள்.

இதைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்கு: ஏறத்தாழ பன்னிரண்டு பாடவேளைகள் ஆயின. பாடத்திட்டத்தை முடிக்க நான்கு சனிக்கிழமைகள் கூடுதலாக எடுக்க வேண்டியிருந்தது. 75 ஆயிரம் புள்ளிகளையும் ஒன்றாக வரையச் சொன்னால் பழைய கணினிகள் நின்றுவிடும், ஆண்டுச் சராசரி எடுத்த பிறகு வரையுங்கள். கோப்பைத் துப்புரவாக்காமல் கொடுங்கள்.

எண்ணிக்கை நோட்டு இன்னும் தொடர்கிறது. அந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்குப் போனதும் அடுத்த ஒன்பதாம் வகுப்பிடம் ஒப்படைத்தார்கள். முதல் நாள் அதைப் புரட்டிய புது மாணவன் ஒருவன், மழை நாட்களிலும் காலாண்டு விடுமுறையிலும் வரிசையாக இருந்த -1-களைக் காட்டி இதென்ன என்று என்னிடம் கேட்டான். முந்தைய ஆண்டு எழுதியவர்களிடமே போய்க் கேட்டு வரும்படி பக்கத்து வகுப்புக்கு அனுப்பினேன்.